சிறு படகும் உடன் செல்வோரும்



அமெச்சூர் என்னும் சொல்லை நாடகத்தோடு சேர்த்தே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் அரிதாரம் பூசிக்கொண்டு அரசனாக மேடை ஏறுபவரை அமெச்சூர் நடிகர் என்கிறோம். அன்பு செய்பவன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லொன்று, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்து, பின்னர் நம்மிடமும் வந்து சேர்ந்தது. கூலியின்பொருட்டு அன்றி, ஆர்வத்தின்பொருட்டு ஒரு கலையில் ஈடுபடுபவன் என்பது அதன் கருத்து. மேடையில் அமெச்சூர் நடிகர் வசனத்தை மறந்தால் சபையோர் சிரிப்பர், அவ்வளவே. ஆனால் உலகில் சிலர் ஆர்வத்தினால் மட்டுமே படகு கட்டுகின்றனர். கட்டிய படகில் தாமே ஏறிக் கடலிலும் செல்கின்றனர். அங்கே நேரும் மறதி சிரிப்போடு முடிவதில்லை. அத்தகையோரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நான் கடற்கரையிற் பிறந்தவன் அல்லன். பூகோள ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து, கடலைப் படத்தில் நீல நிறமாகக் காட்டியே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆயினும் அந்த நீல நிறத்தின்மேல் சிறு படகுகளிற் சென்று வந்தோர் வரலாறுகளைப் படிப்பதில் எனக்கு நெடுநாளைய விருப்பம் உண்டு. பெரிய கப்பல்களின் கதை அரசர்களின் கதை போன்றது. சிறு படகுகளின் கதையோ அண்டை வீட்டாரின் கதை.

1962, 1963ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 'டெய்லி மிரர்' என்னும் நாளிதழின் ஆதரவில் ஒரு சிறு பாய்ப்படகு வெளியாயிற்று. அதன் நீளம் 10 அடி 10 அங்குலம். படகு அமைப்பதில் வல்லவரான ஜாக் ஹோல்ட் என்பவரும், வீட்டுத் தச்சு வேலைகளைத் தொலைக்காட்சியிற் செய்து காட்டிப் புகழ்பெற்ற பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து அதனை உருவாக்கினர். முழுப் படகாக அன்றி, வெட்டிய பலகைகளும் கயிறும் பாயும் அடங்கிய ஒரு கட்டாக அதனை வாங்கலாம். விலை 63 பவுன் 11 ஷில்லிங். வாங்கியவர் தம் வீட்டுக் கொட்டகையிலோ கூடத்திலோ வைத்துத் தாமே அதனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதுகாறும் பாய்ப்படகு என்பது செல்வர்க்கே உரிய விளையாட்டாக இருந்தது. இந்தச் செந்நிறப் பாய்ப்படகோ ஆசிரியர், எழுத்தர், தொழிலாளி ஆகியோர் வீடுகளிலும் பிறந்தது. இதுவரை 70,000க்கு மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

தச்சு பயிலாதவர் படகு கட்டுவது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். விடை மிக எளிது. அவர்கள் படகைத் தைத்தார்கள்! ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, அத்துளைகளிற் செப்புக் கம்பியைக் கோத்து முறுக்கினால், தட்டையான பலகைகள் வளைந்து ஒன்றோடொன்று கூடிப் படகின் வடிவத்தை அடைகின்றன. பின்னர் மூட்டுகளின்மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, அதன்மீது பிசினைப் பூசி இறுகச் செய்கின்றனர். பள்ளியிற் கைத்தொழில் வகுப்பு நடந்த நாளில், அட்டையை வெட்டி நூலால் தைத்து இவ்வாறு ஒரு படகு செய்யுமாறு என் மாணவர்களிடம் சொன்னேன். தட்டைத் தாள் வளைவான வடிவம் பெறுவதைக் கண்டு அவர்கள் வியந்தனர். கணித ஆசிரியர் அந்தப் படகைத் தம் வகுப்பிற்கு எடுத்துச் சென்றார். திருப்பித் தரவே இல்லை.

தைத்த படகு நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன்னர், கப்பலில் வந்தோரை அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகளே. அவற்றின் பலகைகள் ஆணியால் அன்றித் தென்னங் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அறைந்த படகு அலை மோதும்போது விறைத்து நின்று உடையும். தைத்த படகு சற்றே நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். மிரர் படகிற் கம்பித் தையல் பிசின் இறுகும்வரையிலேயே பயன்படுகிறது. நம் படகிலோ தையலே இறுதிவரை உயிர்நாடி. இந்த வேறுபாட்டை மறத்தலாகாது. ஆங்கிலேயர் நம்மிடம் கற்றுக்கொண்டனர் என்று சொல்லிப் பெருமைப்படுவதற்கு இங்கே இடமில்லை. ஆனால் இரட்டை உடற் படகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் கட்டுமரம் என்னும் சொல்லே என்பதில் ஐயமில்லை. ஜேம்ஸ் வாரம் என்னும் ஆங்கில இளைஞர் 23 அடி 6 அங்குல நீளமுள்ள அத்தகைய படகொன்றைத் தாமே கட்டி, இரு பெண்மணிகளோடு 1955, 1956ஆம் ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். பின்னர் டிரினிடாட் தீவில் அவர் பெரிய படகொன்றைக் கட்டியபோது, கைகொடுத்தவர் பெர்னார்டு மொய்டெசியர் என்னும் பிரெஞ்சு மாலுமி. மொழி வேறு, நாடு வேறு. கையில் இருந்த உளி ஒன்றே.

இனி அச்சத்திற்குரிய பகுதிக்கு வருகிறேன். வீட்டிற் கட்டிய படகின் குறை எங்கே ஒளிந்திருக்கும்? வண்ணப் பூச்சின் அடியில் ஒளிந்திருக்கும். பிசினோடு கலக்க வேண்டிய பொருளை அளவு தவறிக் கலந்திருக்கலாம். கடல்நீரைத் தாங்காத மலிவுப் பலகையைப் பயன்படுத்தியிருக்கலாம். வண்ணம் பூசிய பின் எல்லாப் படகும் அழகிய படகே. ஆகவே அனுபவமுள்ள படகுக்காரர் ஒருவர் வண்ணம் பூசுமுன் வந்து, மூட்டுகளைத் தட்டிப் பார்த்து, 'இந்த இடத்தைப் பிரித்து மீண்டும் ஒட்டு' என்று சொல்ல வேண்டும். கட்டியவருக்கு அது கசக்கும்; பல வாரத்து உழைப்பைப் பிரிக்கச் சொன்னால் யாருக்குத்தான் இனிக்கும்? பாராட்ட வந்தவர் எளிதிற் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். பிரிக்கச் சொல்பவரே உண்மைத் தோழர் என்பது என் கருத்து. விடைத்தாளில் சிவப்பு மையால் கோடிட்டு வாழ்ந்தவன் ஆதலால் இவ்வாறு சொல்கிறேன் என்று நீங்கள் எண்ணினாலும் எண்ணலாம்.

மிரர் படகின் பக்கங்களிலும் முன்புறத்திலும் காற்றடைத்த மூடிய அறைகள் உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காது. கவிழ்ந்தால் செய்ய வேண்டுவதைக் கரைக்கருகிலேயே, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பழகுகின்றனர். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, கயிற்றைப் பற்றிப் பின்னே சாய்ந்தால் படகு மெல்ல நிமிர்கிறது. நிமிர்த்த இயலாவிடினும் படகை விட்டு அகலாதே என்பது முதற்பாடம். கரை அருகில் இருப்பதுபோல் தோன்றும். நீந்திவிடலாம் என்று மனம் சொல்லும். அந்நாட்டுக் கடல்நீரின் குளிர்ச்சியில் முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும். ஏறத்தாழ 10 நிமிடங்களில் கைவிரல்கள் பயனற்றுப் போகும். நீச்சலில் வல்லவரும் அதற்கு விலக்கல்லர். உயிர்காப்புச் சட்டையை அணிந்திருப்பவருக்கு அது துணை. படகின் மூலையிற் சுருட்டி வைத்திருப்பவருக்கு அது வெறும் மூட்டை. மேலும், அலைமேல் ஒரு தலை கண்ணுக்குத் தெரியாது. கவிழ்ந்த படகு தெரியும். தேடி வருவோருக்கு நாம் செய்யக்கூடிய உதவி, படகோடு இருப்பதே.

தேடி வருவோர் யார்? பெரும்பாலும் அவர்களும் அமெச்சூர்களே. படகுக் கழகங்களிற் பந்தயம் நடக்கும் நாளில், உறுப்பினருள் சிலர் முறைவைத்துத் தம் பாயை விரிக்காமல், காவற்படகில் ஏறிச் சுற்றி வருவர். நல்ல காற்று வீசும் ஞாயிற்றுக்கிழமையில் பிறர் ஓட்டத் தாம் காவல் காப்பது சிறிய தியாகமன்று. கழகத்திற்கு அப்பால், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1824ஆம் ஆண்டில் தொடங்கிய உயிர்காப்புப் படகு நிறுவனம் இருக்கிறது. அதன் படகோட்டிகளுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். 1981 டிசம்பர் 19ஆம் நாள் இரவு, கார்ன்வால் கரையில் மவுசல் என்னும் சிற்றூரைச் சேர்ந்த 8 தொண்டர்கள் புயலிற் சிக்கிய கப்பலொன்றை நாடிச் சென்றனர். அக்கப்பலில் இருந்த 8 பேரோடு அவர்களும் மாண்டனர். மறுநாளைக்குள்ளேயே புதிய குழு அமைவதற்குப் போதுமான பேர் அவ்வூரில் முன்வந்துவிட்டனர். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை.

படகை விட்டு அகலாதே என்னும் பாடத்தைப் பெரும் விலை கொடுத்து உலகம் மீண்டும் கற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1979 ஆகஸ்டு மாதத்தில் பாஸ்ட்நெட் என்னும் பந்தயத்திற்கு 303 பாய்ப்படகுகள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. 13ஆம் நாள் இரவு பெரும்புயல் அடித்தது. பந்தயத்திற் கலந்துகொண்டோருள் 15 பேர் உயிரிழந்தனர். 24 படகுகளை அவற்றில் இருந்தோர் கைவிட்டு, மிதவைகளிலும் மீட்க வந்த ஊர்திகளிலும் ஏறினர். வியப்பு என்னவெனில், கைவிட்ட 24 படகுகளுள் மூழ்கியவை 5 மட்டுமே. ஏனையவை புயல் ஓய்ந்தபின் மிதந்துகொண்டிருக்கக் காணப்பட்டன. மிதவைகளில் ஏறியோருள் சிலரோ இறந்துபோயினர். அதே இரவில் 'லோரெலே' என்னும் பிரெஞ்சுப் படகின் தலைவர் அலென் காத்தரினோ, தம் பந்தயத்தை மறந்து, 'கிரிபின்' என்னும் ஆங்கிலப் படகின் மிதவையிற் தவித்த 7 பேரையும் இருளிலும் பேரலையிலும் தேடி அணுகித் தம் படகில் ஏற்றிக் காத்தார். புயலில் ஒரு பாய்ப்படகை மிதவையருகே நிறுத்துவது, ஓடும் குதிரையிலிருந்து ஊசியில் நூல் கோப்பது போன்றது.

இன்று வழங்கும் பாய்ப்படகுப் பந்தய விதிகளைப் புரட்டினால், வெற்றி தோல்வி பற்றிய விதி முதலில் இல்லை. ஆபத்தில் இருப்பவர்க்கு இயன்ற உதவியெல்லாம் செய்தல் வேண்டும் என்பதே முதல் விதி. உதவியதால் இழந்த நேரத்திற்கு ஈடும் உண்டு. ஆனால் அதே ஏட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. பந்தயத்திற்குப் புறப்படுவதா, தங்கிவிடுவதா என்னும் முடிவுக்கு அந்தந்தப் படகே பொறுப்பு என்கிறது அது. ஒரு விதி பிறரைப் பார் என்கிறது. மற்றொன்று உன்னைப் பார் என்கிறது. இரண்டையும் ஒரே மனிதன் தாங்க வேண்டியிருக்கிறது. தாங்க இயலாத ஒருவரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1968ஆம் ஆண்டில் 'சண்டே டைம்ஸ்' இதழ், எங்கும் நில்லாமல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றை அறிவித்தது. புறப்பட்டோர் 9 பேர். அவர்களுள் சே பிளைத் என்பவருக்குப் பாய்ப்படகு ஓட்டவே தெரியாது. நண்பர்கள் அவர் படகில் பாய்களைக் கட்டிக் கொடுத்தனர். ஒருவர் முன்னே தம் படகில் சென்று, எப்போது எந்தக் கயிற்றை இழுப்பது என்று காட்ட, இவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. இந்த அன்பைத் தோழமை என்பதா, விபரீதம் என்பதா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. நல்வினைப் பயனாக அவர் பாதியிலேயே விலகி உயிரோடு திரும்பினார்.

டொனால்டு குரோஹர்ஸ்டின் கதை வேறு. அவர் மின்னணுக் கருவிகள் செய்து விற்றவர். கடலை வார இறுதிகளிற் கண்டவர். தம் தொழிலையும் வீட்டையும் இந்தப் பயணத்தின்மேல் பணயமாக வைத்திருந்தார். மூன்று உடல்களை உடைய அவரது படகு முற்றுப்பெறவில்லை. புறப்படுவதற்குக் கடைசி நாள் அக்டோபர் 31. அன்றே அவர் டெயின்மத் துறையிலிருந்து புறப்பட்டார். எடுத்துச் செல்ல வேண்டிய உதிரிப் பொருள்களிற் பல கரையிலேயே கிடந்தன. விளம்பரம் செய்தோர் இருந்தனர்; கொடி அசைத்தோர் இருந்தனர்; பணம் போட்டவர் இருந்தார். 'இந்த ஆண்டு வேண்டாம்' என்று கையைப் பிடித்து நிறுத்தக்கூடியவர் ஒருவரும் அங்கே இல்லாமற் போயினர். சில வாரங்களுக்குள் படகில் நீர் கசிந்தது. தென்கடல் சென்றால் சாவு, திரும்பினால் கடன் என்னும் நிலை. அவர் அட்லாண்டிக் கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இடங்களை வானொலியில் அறிவித்தார்.

பொய் தன்னோடு நின்றுவிடுமா? நைஜல் டெட்லி என்பவர் உண்மையாகவே உலகைச் சுற்றித் தாயகம் நோக்கி வந்துகொண்டிருந்தார். அவரது படகு நைந்திருந்தது. மெல்ல ஓட்டினால் கரை சேர்ந்திருக்கலாம். ஆனால் குரோஹர்ஸ்ட் பின்னால் விரைந்து வருகிறார் என்னும் செய்தியை நம்பி அவர் படகை விரட்டினார். 1969 மே 21ஆம் நாள் அவர் படகு உடைந்து மூழ்கியது. மிதவையில் ஏறி உயிர் தப்பினார். தம் பொய்யே ஒரு தோழரின் படகை மூழ்கடித்தது என்பதைக் குரோஹர்ஸ்ட் கடலிலேயே அறிந்தார். 1969 ஜூலை 10ஆம் நாள் அவர் படகு ஆளில்லாமல் மிதந்துகொண்டிருக்கக் கண்டனர். நாட்குறிப்பின் இறுதிப் பக்கங்கள் கலங்கிய உள்ளத்தைக் காட்டின. அவர் திரும்பவில்லை.

அந்தப் பந்தயத்தை முடித்தவர் ஒருவரே. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாட்களில் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் பால்மத் துறையை அடைந்தார். அவர் ஏறிச் சென்ற 'சுஹைலி' என்னும் படகு பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தாற் கட்டியது. பரிசுத் தொகை 5,000 பவுன். குரோஹர்ஸ்ட் தம் கணக்கைப் பொய்யாக எழுதியவர் என்பது பின்னர் ஊரறிந்த செய்தியாயிற்று. எனினும் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அத்தொகை முழுவதையும் குரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்கே விட்டுவிட்டார். பொய்யை அவர் போற்றவில்லை. அந்தப் பொய்யை எழுதிய மனிதன் இருந்த தனிமையை அவர் அறிந்திருந்தார். அதனை அறியத் தக்கவர் உலகில் மிகச் சிலரே.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2018ஆம் ஆண்டில் அதே பந்தயம் பழைய முறையிலேயே மீண்டும் நடைபெற்றது. சிறு படகு, புதுமைக் கருவிகளின் துணை இல்லை. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி, சுஹைலியின் வடிவில் கோவாவிற் கட்டிய 'துரியா' என்னும் படகில் கலந்துகொண்டார். செப்டம்பர் 21ஆம் நாள் தென் இந்தியப் பெருங்கடலிற் புயல் அவர் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது; முதுகெலும்பில் அடிபட்டு எழ இயலாமற் படுக்கையிற் கிடந்தார். அதே புயலில் அயர்லாந்து வீரர் கிரிகோர் மக்கக்கினின் படகும் பாய்மரங்களை இழந்திருந்தது. அவர் என்ன செய்தார்? எஞ்சிய கட்டைகளைக் கொண்டு ஒரு தற்காலிகப் பாயைக் கட்டி, அந்த ஊனமுற்ற படகை டோமி இருந்த திசை நோக்கிச் செலுத்தினார். நம் கடற்படை விமானம் மொரிஷியசிலிருந்து பறந்து சென்று துரியாவைக் கண்டது. அவ்வகை விமானங்களின் தாய்த்தளம் நம் அரக்கோணத்தில் இருக்கிறது. பின்னர் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சு மீன்வளக் காவற்கப்பல் செப்டம்பர் 24ஆம் நாள் டோமியை மீட்டு, அடுத்து மக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது.

2022ஆம் ஆண்டில் அப்பந்தயம் மீண்டும் நடந்தது. நவம்பர் மாதத்தில், அதே தென் இந்தியப் பெருங்கடலில், தாபியோ லெக்டினென் என்னும் பின்லாந்து வீரரின் படகு சில நிமிடங்களுக்குள் மூழ்கியது. அவர் மிதவையிலிருந்து அபாயக் குறியை அனுப்பினார். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் அம்மையார் ஏறத்தாழ 100 மைல் தொலைவில் இருந்தார். இரவெல்லாம் சுக்கானைப் பிடித்து ஓட்டிவந்து, ஏறக்குறைய ஒரு நாள் மிதவையிற் கிடந்த லெக்டினெனுக்குக் கயிறு வீசித் தம் படகில் ஏற்றினார். இருவரும் அங்கே பகிர்ந்துகொண்ட பானம் எது என்பதைப் பள்ளி மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் அவ்வழி வந்த சரக்குக் கப்பலில் அவரை ஏற்றிவிட்டு, அம்மையார் மீண்டும் தம் வழியே பாய் விரித்தார்.

2023 ஏப்ரல் 27ஆம் நாள் அவர் பிரான்சு நாட்டுக் கரையை முதலாவதாக அடைந்து பந்தயத்தை வென்றார். இரண்டு நாள் கழித்து இரண்டாவதாக வந்தவர் அபிலாஷ் டோமி. முதுகெலும்பு முறிந்து அந்தக் கடலிற் கிடந்தாரே, அவரேதான். லெக்டினெனின் அபாயக் குறி வந்த அன்று, நாய்ஷாஃபர் அம்மையாரினும் தொலைவில் இருந்தபோதிலும், தம் படகை அத்திசையில் திருப்பிய மற்றொருவரும் அவரே.